ஒருவரும் வராத பொங்கல்

"தைப்பொங்கல், 197–. ஊர் முழுக்கச் சொன்னோம். ஒருவரும் வரவில்லை."

ஒரு புகைப்படத்தின் பின்புறத்தில் அப்பா எழுதிவைத்த குறிப்பு இது. ஆண்டின் கடைசி இலக்கத்தைப் பூச்சி அரித்துவிட்டது. அது நான்கு என்பது என் முடிவு. படத்தில் அண்ணை அரைக்காற்சட்டையோடு நிற்கிறார். அடுத்த வருடம் அவருக்கு நீளக் காற்சட்டை வந்துவிட்டது. அது ஐந்து என்பது அண்ணையின் முடிவு. அவருடைய ஆதாரம், "எனக்குத் தெரியும்" என்பது.

படத்தில் அம்மா, அண்ணை, நான், மூன்று கல்லின் மேல் ஒரு பெரிய பானை. பின்னால் வேலிக் கதியாலில் ஓர் இருவாய்ச்சிப் பறவை உட்கார்ந்து, கழுத்தைச் சாய்த்துப் பானையைப் பார்க்கிறது. படம் எடுக்கும்வரை வந்த விருந்தாளி என்று சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

இதை இப்போது எழுதக் காரணம் என் மகள். இந்த வருடம் இங்கே மொன்ட்ரியாலின் புறநகரான புவாண்ட்-கிளேரில் புது வீட்டுக்குப் போனாள். முதல் பொங்கல் என்று ரொறொன்ரோவிலிருந்து பிளாஸ்ரிக் தோரணம் வரவழைத்து வாசலில் கட்டினாள். அன்று பார்த்து உறைபனி மழை. தெரு முழுவதும் கண்ணாடி போலாகிவிட்டது. வருவதாகச் சொன்னவர்கள் எல்லோரும் ஒவ்வொருவராக மன்னிப்புக் கேட்டார்கள். மொன்ட்ரியால்-நோரிலிருந்து அண்ணை தொலைபேசியில் வந்தார்.

"எடி, பிள்ளை வாசலில தோரணம் கட்டினவளோ?"

"ஓம். பிளாஸ்ரிக்."

"எதெண்டாலும் கழட்டச் சொல்லு. கட்டியிருக்குமட்டும் சனம் வராது."

மகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமாவுக்கு வயது போய்விட்டது என்று நினைத்திருப்பாள். கடைத்தொகுதியில் ஒரு கோப்பியை வாங்கி வைத்துக்கொண்டு அரைநாள் கதைத்துக்கொண்டிருக்கும் நம் வயதுக்காரர்களுக்கு நான் சொன்னால் விளங்கும் என்று நம்புகிறேன். உங்கள் எல்லோருக்கும் சிறுவயதில் யாழ்ப்பாணம் இருந்தது. எனக்கும் அண்ணைக்கும் அதன் நடுவில் வேறோர் ஊரும் இருந்தது.

அப்பா தென்னைப் பயிர் அலுவலர். இந்தோனேசியாவின் கிழக்குப் பக்கம், மலுக்குத் தீவுகளில் ஒன்றில், நல்லினத் தென்னை நாற்றுத் தோட்டம் போட இரண்டு வருட ஒப்பந்தத்தில் போனார். பின்னால் நாங்களும் கப்பல் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். எனக்கு எட்டு வயது.

கறுப்பு மணற்கரை, அதன்மேல் ஒரே ஒரு தெரு, தெருமுனையில் வெள்ளையடித்த தேவாலயம், அதற்குப் பின்னால் நிமிர்ந்து பார்த்தால் கழுத்து நோகும் மலை. இவ்வளவுதான் ஊர். மத்தியானத்துக்கு மேல் மலை முகிலுக்குள் போய்விடும். தெருவோரப் பாய்களில் கராம்பு காயும். எந்நேரமும் பல்வைத்தியரின் அறைக்குள் இருப்பது போன்ற வாசம். சவ்வரிசியைப் பொட்டலத்தில் மட்டும் பார்த்திருந்த அம்மா, அது ஒரு மரத்தின் நெஞ்சைக் கொத்தி எடுக்கும் மாவு என்று கண்டபோது, இவ்வளவு காலமும் தன்னை யாரோ ஏமாற்றிவிட்டது போல நின்றார்.

எங்கள் கூரைக்குள் ஒரு குஸ்குஸ் குடியிருந்தது. பூனையளவு, உருண்டைக் கண், சுருட்டிப் பிடிக்கும் வால். அது ஓர் ஓட்டிலிருந்து அடுத்த ஓட்டுக்குப் போவதற்குள் அண்ணை ஒரு பெருக்கல் கணக்கை முடித்துவிடுவார். காட்டோர மணலில் ஒரு கோழி போன்ற பறவை, தன் உடம்புக்குப் பொருந்தாத பெரிய முட்டையைப் புதைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விடும். வெயிலே அடைகாக்கும், குஞ்சு தானே கிளறிக்கொண்டு வெளியே வந்து தானே பறக்கும். அம்மா அதை மன்னிக்கவே இல்லை. அந்தப் பறவையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

பள்ளிக்கூடம் கிடையாது. எனக்கும் அண்ணைக்கும் அந்த ஊர் பிடித்ததற்கு இதுவே போதுமான காரணம். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. அவருக்குக் கதைக்க ஆள் இல்லை.

அப்பாவுக்கு மலாய் தெரியும் என்பது குடும்பத்தின் நம்பிக்கை. அவருடைய தகப்பன் மலாயாவில் ரயில் நிலைய அதிபராக இருந்து ஓய்வூதியத்தோடு திரும்பியவர், அவரிடம் கற்றது. ஆகவே அது ரயில் மலாய். வண்டி பிந்துகிறது, பெட்டியைக் கவனி, கதவோரம் நிற்காதே என்பவை பிழையில்லாமல் வரும். தண்டவாளத்தையே கண்டிராத அந்த ஊரில் இதை வைத்துக்கொண்டு அப்பா நாற்றுத் தோட்டம் நடத்தினார்.

அம்மாவுக்கு அந்த மலாயும் இல்லை. ஊர்த் தலைவரை அங்கே ராஜா என்பார்கள். ராஜா வருகிறார் என்று முதல் நாள் அம்மா பட்டுச்சீலை உடுத்துக்கொண்டு நிற்க, சாரமும் பனியனுமாக ஒருவர் தோளில் தூண்டிலோடு வந்து எங்களுக்கு ஒரு சூரை மீன் தந்துவிட்டுப் போனார். ராஜாவின் மனைவியும் அம்மாவும் பழகினார்கள். ஒருவர் மற்றவரின் குசினிக்குள் போய், மூடியைத் திறந்து பார்த்து, தலையாட்டிவிட்டு வருவது அவர்களுடைய உரையாடல். மற்றப் பெண்கள் எங்கள் கிணற்றுக்குத் தண்ணீர் அள்ள வருவார்கள். கோடையிலும் வற்றாத கிணறு அது ஒன்றுதான். வருவார்கள், சிரிப்பார்கள், போய்விடுவார்கள்.

மார்கழியில் அம்மா அறிவித்துவிட்டார். பொங்கலுக்கு ஊரையே கூப்பிட வேண்டும். மனிசர் வந்து வாசலில் இருந்து சாப்பிட வேண்டும்.

"ஒரு சனமும் எட்டிப் பாக்காத வீடெண்டால் எனக்கு வேண்டாம். வராட்டில் அடுத்த கப்பலில நானும் பிள்ளையளும் வெளிக்கிடுறம். நீங்கள் உங்கட தென்னையோட இருங்கோ."

கப்பல் மாதம் ஒருமுறை வரும். பொங்கலுக்குப் பிறகு வருவது தை முடிவதற்குள். நானும் அண்ணையும் வேலியோரம் போய் ஆலோசித்தோம். யாழ்ப்பாணத்துக்குப் போனால் பள்ளிக்கூடம். ஆகவே ஊர் சாப்பிட வந்தேயாக வேண்டும்.

அப்பா வீடுவீடாகப் போய் அழைத்தார். நாங்கள் கூடவே போய், அப்பாவின் மலாய் முடிகிற இடத்தில் வயிற்றைத் தடவிக் காட்டினோம். எல்லோரும் வருவதாகத்தான் தலையாட்டினார்கள்.

பொங்கலன்று விடிய முன்பே அப்பா தென்னங்குருத்து வெட்டிவந்தார். பச்சைவெள்ளையாக, மெழுகு பூசியது போன்ற குருத்து. தென்னையைப் பற்றி அப்பாவுக்குத் தெரியாதது இல்லை. தோரணம் பின்னுவதும் அதில் சேர்த்தி. வேலி வாசலின் படலைக்குக் குறுக்கே நீளமாக ஒன்று கட்டினார். குருத்து மிஞ்சியதால் கிணற்றடியிலும் சின்னதாக ஒன்று கட்டினார். இந்த இரண்டாவதை நினைவில் வைத்திருங்கள்.

அம்மா கோலம் போட்டார். பானை வைத்தார். பால் பொங்கியது, அண்ணை தகரத்தில் தட்டினார், சூரியனும் வந்தது. பிறகு சனம் வந்தது.

இதில் நானும் அண்ணையும் கருத்து வேறுபடுவதில்லை. ஊர் முழுவதும் வந்தது. தேவாலயத்துக்கு உடுக்கும் உடுப்பில், தலையில் எண்ணெய் மின்ன, ராஜா முன்னால் நடக்கத் தெரு நிறைய வந்தார்கள். எங்கள் படலைக்கு முன்னால் நின்றார்கள். தோரணத்தைப் பார்த்தார்கள். ராஜா பக்கத்தில் நின்ற கிழவரிடம் ஏதோ கேட்டார். கிழவர் குருத்தைத் தொடாமல் கிட்டப்போய்ப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். பெண்கள் எங்களைப் பார்த்து மெல்லக் குனிந்தார்கள். பிறகு எல்லோரும் ஒரு சத்தமும் இல்லாமல் திரும்பிப் போனார்கள்.

அம்மா பித்தளைக் கரண்டியோடு நின்றார்.

"என்னப்பா அது? பாத்திட்டுப் போகினம்?"

அப்பா உள்ளே போய்க் கமராவை எடுத்துவந்தார். மேலே சொன்ன படம் அப்போது எடுத்தது.

முதலில் அம்மாவின் விளக்கம். தோரணத்தை நல்ல காரியத்துக்கு ஒருவிதமாகவும் செத்த வீட்டுக்கு மறுவிதமாகவும் பின்னுவது உங்களுக்குத் தெரியும். நல்லதுக்கு ஓலையில் பின்னும் குருவியின் தலை மேலே, கெட்டதுக்குக் கீழே. அப்பா மாற்றிக் கட்டிவிட்டார் என்று அம்மா போய்ப் பார்த்தார். குருவிகள் எல்லாம் சரியாக மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

பிறகு ஒரு தட்டில் பொங்கலைப் போட்டு வாழையிலையால் மூடிக்கொண்டு அம்மா ராஜா வீட்டுக்குப் போனார். ராஜாவின் மனைவி வாசலுக்கு வந்தார், தட்டைப் பார்த்தார், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். முகத்தில் உண்மையான வருத்தம். அம்மா நீட்ட நீட்ட அவர் பின்வாங்கினார்.

அம்மா திரும்பி வந்து குசினிக்குள் இருந்துகொண்டார். "எங்கட கையால வாங்க மாட்டினமாம்" என்று மட்டும் சொன்னார். யார் கையால் யார் வாங்குவதில்லை என்ற விபரம் எங்கள் ஊரில் அம்மாவுக்குத் துல்லியமாகத் தெரியும். தட்டை நீட்டிக்கொண்டு நிற்கும் பக்கத்திலிருந்து அதைப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. இதை அம்மா பின்னால் ஒருநாளும் பேசவில்லை. ஆனால் யாழ்ப்பாணம் திரும்பிய பிறகு சிலருக்குத் தண்ணீர் கொடுக்கவென்று எங்கள் குசினியில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த ஒரு மூக்குப்பேணியைக் காணவில்லை. எங்கே போனது என்று நானும் கேட்கவில்லை.

மனிதர் வராத எங்கள் வீட்டு வளவுக்கு மற்றவை வந்தன. இருவாய்ச்சி தன் குடும்பத்தைக் கூட்டிவந்தது. அவை பறக்கும் சத்தம் மலையேறும் நீராவி இயந்திரத்தின் சத்தம். அப்பா அதைக் கேட்டால் தன்னையறியாமல் வாசலுக்குப் போவார். குஸ்குஸ் இறங்கி வந்து ஆறிய பொங்கலைக் கையால் அள்ளி, ஒவ்வொரு முந்திரிகை வற்றலாக யோசித்துத் தின்றது. பொழுதுபடும் நேரத்தில் தேங்காய் நண்டு வந்தது. முழங்கையளவு, ஊதா நிறம். தேங்காயை உரித்து உடைக்கும் கொடுக்கு. அது பொங்கலைத் தொடவில்லை. அம்மா சீதனமாகக் கொண்டுவந்த பித்தளைக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு, அவசரமில்லாமல், வந்த வழியே போனது. அண்ணை துரத்தினார். நண்டு திரும்பிப் பார்த்தது. அண்ணையும் திரும்பி வந்தார். அன்று கரண்டியின் மறு முனையைப் பிடித்து இழுத்ததாக அண்ணை இன்று சொல்வதற்குச் சாட்சி இல்லை.

கொண்டைக் கிளிகளும் வந்தன. வெள்ளை வெளேரென்று ஒரு கூட்டம் இறங்கிப் படலைத் தோரணத்தைக் கிழித்து எறிந்துவிட்டுப் போனது. அம்மா அதையாவது நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் காலையில் எழும்பிப் பார்த்தால் தோரணம் முழுதாக இருந்தது. புதுக் குருத்து வைத்து, யாரோ பொறுமையாகத் திருத்திக் கட்டியிருந்தார்கள்.

"ஆரோ செய்வினை செய்யினம்" என்றார் அம்மா.

"செய்வினையை ஆரும் இவ்வளவு வடிவாய்க் கட்டுவினமோ?" என்றார் அப்பா. அவருக்கு அந்த முடிச்சில் தொழில்ரீதியான மரியாதை வந்துவிட்டது.

கிணற்றுக்கு ஒருவரும் வரவில்லை. பெண்கள் குடத்தோடு எங்கள் வளவைத் தாண்டி ஆற்றுக்குப் போனார்கள். ராஜாவின் கடைசி மகள் என் கூட்டாளி. அவள் படலைக்கு வெளியே நிற்க, நான் உள்ளே நிற்க, சோழி ஆடினோம். என் சோழி அவள் பக்கம் உருண்டால் காலால் திருப்பித் தள்ளிவிடுவாள், கையால் எடுக்கமாட்டாள். இதைவிட விசித்திரம், தினமும் காலையில் படலைக்கு வெளியே மீனும் வாழைப்பழமும் சவ்வரிசி மாவும் இருந்தன. எங்களுக்குத் தருவார்கள், எங்களிடம் வாங்கமாட்டார்கள்.

"பிச்சைக்காரருக்கு வைக்கிற மாதிரி வைக்கினம்" என்று அம்மா பெட்டியை எடுத்து அடுக்கத் தொடங்கினார்.

அப்பாவிடமும் ஒரு விளக்கம் இருந்தது. மார்கழியில் அவர் ஊர்த்தோப்பைச் சுற்றிப்பார்த்து, வயதுபோன மரங்களை வெட்டிவிடலாம் என்று சொல்லியிருந்தார். அந்த மரங்கள் பிள்ளைகள் பிறந்தபோது ஆளுக்கொன்றாக நட்டவை என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. ஊர் அதற்காகத்தான் எங்களைத் தள்ளிவைத்துவிட்டது என்று முடிவுசெய்தார். ஒரு முழு இரவு மன்னிப்பை மனப்பாடம் செய்தார். கப்பல் வருவதற்கு முதல்நாள் காலை, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு ராஜா வீட்டுக்குப் போனார்.

அப்பா நின்றபடியே பேசினார். தன் குடும்பத்தில் எல்லோரும் மரங்களை மதிப்பவர்கள், வண்டி தடம்புரண்டதற்குத் தானே பொறுப்பு, தயவுசெய்து பயணிகளை மன்னிக்க வேண்டும் என்ற அளவில் அது இருந்ததாகப் பிற்பாடு அவரே சொன்னார். ராஜா கவனமாகக் கேட்டார். மரம் வெட்டும் யோசனை பற்றி அவர் அன்றுதான் கேள்விப்படுகிறார் என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் மன்னித்தார். மன்னித்துவிட்டு, தானும் ஒன்று கேட்கலாமா என்று கேட்டார். வளவை எந்த நாள்வரைக்கும் பூட்டியிருக்கிறீர்கள்?

அப்பா, படலைக்குப் பூட்டே இல்லை என்றார்.

ராஜா எழும்பி எங்களை வாசலுக்குக் கூட்டிவந்து, தெருவுக்கு அப்பால் எங்கள் தோரணத்தைக் காட்டினார். பிறகு கடற்கரைப் பக்கம் திருப்பிவிட்டார். அங்கே பவளப்பாருக்கு நேரே ஒரு கம்பு நட்டிருந்தது. கம்பில் குருத்தோலை கட்டியிருந்தது. தோப்பின் ஓரத்துத் தென்னையிலும் அதேபோல. தினமும் பார்த்தவைதான். அலங்காரம் என்று நினைத்திருந்தோம்.

அவர்கள் அதைச் சாசி என்றார்கள். தோப்பையோ கடலையோ கொஞ்சக் காலம் மூடிவைப்பது. குருத்தோலை கட்டிவிட்டால் அங்கே ஒருவரும் போகக்கூடாது, அங்கிருந்து ஒன்றையும் வாங்கக்கூடாது. சிப்பி பெருகும், தேங்காய் முற்றும். ஓலை கிழிந்தால் திருத்திக் கட்டுவது காவல்காரரின் கடமை. படலையில் குருத்தை ஆராய்ந்த கிழவர்தான் காவல்காரர். வெளியூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் தன் வளவையும் கிணற்றையும் தானாகவே மூடியதை ஊர் மிகவும் மெச்சியதாம். மூடிய வளவில் எதைப் பிடுங்கிச் சாப்பிடுவார்கள் என்று இரக்கப்பட்டுத்தான் மீன் வைத்தார்களாம். அம்மா உள்ளே மிளகாய் பிடுங்கியதைக் காவல்காரர் ஒருமுறை கண்டு, விருந்தாளிகள் என்பதால் மறுபக்கம் பார்த்துக்கொண்டு போனாராம். விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு அதே நாளில் ஏன் மூடினார்கள் என்பது மட்டும் விளங்கவில்லை. எங்கள் ஊர் வழக்கமாக்கும் என்று விட்டுவிட்டார்களாம்.

தென்னையின் ஒவ்வொரு பாகத்தின் பயனையும் மேலிடத்துக்கு எழுதி அனுப்பியிருந்த அப்பா, ராஜாவின் படிக்கட்டில் இருந்துகொண்டார்.

"போய் இப்பவே அவிழ்க்கிறன்" என்று எழும்பினார். அது முடியாது என்றார் ராஜா. கட்டியவர் அவிழ்க்க முடியாது. முறையாகத் திறக்க வேண்டும், காவல்காரர் வர வேண்டும், ஊர் நிற்க வேண்டும். நாளைக்குக் காலையில் செய்துவிடலாம்.

நாளைக்குக் காலையில்தான் கப்பல்.

அப்பா சொன்னதை அம்மா முழுதாகக் கேட்டார். "சரி, துறக்கட்டும். துறந்தாப்போல பெட்டி வெளியில போக வசதி" என்றார். நம்பவில்லை என்பது பொருள். தட்டும் அந்த முதுகுக்குப் பின்னால் கட்டிய கைகளும் அவருக்குள் இன்னும் இருந்தன.

காலையில் கப்பல் குடாவுக்குள் வந்து நின்றது. அம்மா பயணச் சீலையில், பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். எனக்கும் அண்ணைக்கும் சப்பாத்து மாட்டியாயிற்று. அப்போது தெருவில் சங்கு ஊதினார்கள். சாசி திறப்பதற்கு அங்கே சங்குதான். சங்குச் சத்தம் எதற்கு என்று யாழ்ப்பாணத்தில் பிறந்தவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"ஆர் செத்தது?" என்று அம்மா எழும்பிப் படலைக்கு ஓடிவந்தார்.

ஊர் முழுவதும் நின்றது. காவல்காரர் ஏதோ செபம் சொன்னார், கத்தியால் குருத்தை ஒரே வெட்டாக வெட்டினார், ஒதுங்கி நின்றார். ராஜா எங்களுக்குச் சொல்ல மறந்த ஒன்று இருந்தது. சாசி திறந்தால் ஊர் உள்ளே ஓடி அறுவடை செய்யும்.

ஓடினார்கள். கடகமும் குடலையும் சாக்கும் கையோடு. பிள்ளைகள் தென்னையில் ஏறினார்கள். பப்பாசி போனது, வாழைக்குலை போனது, அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து விதை கொண்டுவந்து வளர்த்த கத்தரியும் மிளகாயும் வேலியோர முருங்கையும் போயின. கூரையிலிருந்து குஸ்குஸ் தலையை நீட்டி இதையெல்லாம் பார்த்தது. அம்மா வளவு நடுவில், சனம் இரண்டு பக்கமும் ஓட, சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அம்மா அழப்போகிறார் என்று நினைத்தேன்.

பிறகு எல்லாவற்றையும் கோலம் அழிந்த இடத்தில் கொண்டுவந்து குவித்தார்கள். தேவாலயத்துக்கு ஒரு பங்கு, காவல்காரருக்கு ஒரு பங்கு, வீட்டுக்கு ஒரு பங்கு என்று பிரித்தார்கள். ராஜாவின் மனைவி குசினிக்குள் போய், கழுவிக் கவிழ்த்திருந்த பொங்கற் பானையைத் தூக்கிவந்து அம்மாவின் முன்னால் வைத்தார். வைத்துவிட்டு, இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார்.

கப்பல் ஒருமுறை ஊதியது. அப்பா பெட்டியைப் பார்த்தார்.

"இஞ்சாரும், தோணி காத்துக்கொண்டு நிக்குது" என்றார்.

"கப்பல் வரும், போகும்" என்றார் அம்மா. "இவ்வளவு சனத்துக்கும் ஆர் சோறு போடுறது? நிண்டு பாக்காமல் விறகைக் கொத்துங்கோ."

பித்தளைக் கரண்டி இல்லாததால் ராஜாவின் மனைவி ஒரு சிரட்டையில் தடி செருகித் தந்தார். தென்னை அலுவலர் வீட்டில் அகப்பை இல்லை என்று ஊர் சிரித்தது. ஒப்பந்தம் முடியும்வரை நாங்கள் அங்கேயே இருந்தோம்.

அதன் பிறகு அம்மா எந்த வாசலிலும் தோரணம் கட்டவில்லை. இந்த நகரத்துக்கு வந்து, மாடிக்கு மாடி மாறி இருந்த வருடங்களிலும் இல்லை. பொங்கலன்று வெளியே சொல்லமுடியாத குளிர்; அம்மா அபார்ட்மென்ற் கதவை அகலத் திறந்து ஒரு கதிரையைச் சாத்தி வைத்துவிடுவார். சூடெல்லாம் நடைபாதைக்குப் போகிறது என்று அப்பா முறையிடுவார். பக்கத்து வீட்டு ஹெயிட்டிக்காரி முதற்கொண்டு, சத்தத்துக்கு முறைப்பாடு சொல்ல வந்த கட்டடக் காவலாளிவரை எல்லோரும் "போன்ஜூர்" என்று உள்ளே வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். தோரணம் கட்டாத வீடு என்று நம்மவர்கள் சிலர் குறை சொன்னது அம்மாவுக்குத் தெரியும். அடுத்த வருடமும் கதவை அகலத் திறந்தார்.

மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். அடுத்த ஞாயிறு, தெரு காய்ந்த பிறகு, அவள் பிளாஸ்ரிக் தோரணத்தைக் கழற்றினாள். அன்று பின்னேரம் வீடு நிறையச் சனம். வெயில் எறித்ததால் வந்தார்கள் என்பது அவள் கட்சி. அண்ணை இரண்டாம் தரம் பொங்கல் வாங்கிச் சாப்பிட்டார்.

ஒன்று மட்டும் மிச்சம். காவல்காரர் வெட்டியது படலைத் தோரணத்தை. கிணற்றடியில் இருந்த சின்னதைப் பற்றி அன்றைய சந்தடியில் ஒருவரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. பெண்கள் அதற்குப் பிறகு எங்கள் கிணற்றுக்கு வந்தார்கள் என்று அண்ணை சொல்கிறார். அவர்கள் குடத்தோடு ஆற்றுக்குப் போவதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன், கடைசி நாள்வரை. அப்பாவும் அம்மாவும் இப்போது இல்லை. படங்கள் எதிலும் கிணறு விழவில்லை. இரண்டாவது தோரணத்தை யார் அவிழ்த்தார்கள், அவிழ்த்தார்களா, அந்தக் கிணறு இன்னும் மூடியபடிதான் இருக்கிறதா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.